கதை எங்கே நின்றுபோகிறது? மூன்று அங்க அமைப்பில் பிழை பார்க்கும் வழி

எழுதி முடித்த கதையைத் திரும்பப் படிக்கும்போது ஏதோ சரியில்லை என்று தெரிகிறது, எது என்று பிடிபடவில்லை. அந்த நிலையில் இருப்பவர்களுக்கு இது உதவும். உங்கள் கதையில் தெரியும் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் ஐந்து வரிச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். அதைச் செய்யாமல் திருத்த ஆரம்பித்தால் நல்ல பக்கங்களும் சேர்ந்து கெடும்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து எழுத வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று வீட்டுக் கதை, இன்னொன்று பர்மாக் கதை. இரண்டும் வளமானவை, இரண்டிலும் பிழைகள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் வருகின்றன. அதனால் இங்கேயும் இரண்டு கதைகளையே கற்பனையாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கதையில் மீனாட்சி ஆச்சி ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். மற்றவர்கள் வீட்டை விற்க நினைக்கிறார்கள். இரண்டாவது கதையில் சாத்தப்பன் என்ற பதினான்கு வயதுப் பையன் 1927ல் கீழ்ப் பர்மாவில் ஒரு வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலைக்கு, போகிறான். 1942ல் நடந்தே ஊர் திரும்புகிறான்.

அமைப்பைப் பற்றிக் கொஞ்சம்

ஒரு கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொன்னார். அவர் மூன்று அங்கம் என்று பிரிக்கவில்லை. நாடகத்துக்கு ஐந்து அங்கம் வேண்டும் என்றவர் ரோமானியக் கவிஞர் ஹொரேஸ். இன்று திரைக்கதை வகுப்புகளில் சொல்லித்தரும் கணக்கு 1979ல் அமெரிக்கரான சிட் ஃபீல்ட் எழுதிய கையேட்டால் பரவியது. 120 பக்கத் திரைக்கதையில் முதல் அங்கம் 30 பக்கம், இரண்டாவது 60, மூன்றாவது 30. ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். முதல் அங்கத்தின் முடிவில் ஒரு திருப்பம், இரண்டாவதின் முடிவில் ஒரு திருப்பம். 3000 சொல் சிறுகதைக்கு இதே அளவைப் போட்டால் 750, 1500, 750 வரும்.

நமக்கு இந்த உணர்வு புதிதில்லை. சிலப்பதிகாரம் மூன்று காண்டம், முப்பது காதை: புகார் 10, மதுரை 13, வஞ்சி 7. நடுவில் இருப்பது பெரியது, கடைசியில் இருப்பது சிறியது. புகாரை விட்டுக் கிளம்பிய ஒரு வணிகக் குடும்பத்தின் கதை அது. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரும் தங்கள் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம் என்றே சொல்லிவருகிறார்கள். செட்டிநாட்டிலிருந்து எழுதுகிறவர் கையில் வைத்துப் பார்க்க இதைவிட நெருக்கமான மாதிரி கிடையாது. கீழே இரண்டு இடங்களில் அதற்குத் திரும்ப வருவேன்.

முதலில் ஐந்து வரிச் சோதனை

கதையை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து இந்த ஐந்துக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுதுங்கள்.

1. யார், எந்த நிலையில் இருந்தார்?
2. அந்த நிலையைக் கலைத்தது எது? அதற்கு அவர் எடுத்த முடிவு என்ன?
3. நடுவில் என்ன தெரியவந்து, அதுவரை போட்ட கணக்கு மாறியது?
4. இனி வழியே இல்லை என்று எப்போது ஆனது?
5. கடைசியில் எதை விட்டுக்கொடுத்து எதை எடுத்துக்கொண்டார்?

எந்த வரிக்குப் பதில் வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். "சோகமாக இருந்தார்", "நிறைய கஷ்டப்பட்டார்" என்ற மாதிரி வரிகள் பதில் ஆகாது. ஒரு ஆள் ஒரு காரியம் செய்ததாக வரி இருக்க வேண்டும்.

இந்தச் சோதனையை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கதையில் பிழை தெரியும் இடம் ஒன்று, பிழை இருக்கும் இடம் வேறு. நடுப்பகுதி தொய்ந்தால் கோளாறு பெரும்பாலும் முதல் அங்கத்தின் கடைசியில் இருக்கும். முடிவு ஒட்டவில்லை என்றால் முதல் சில பக்கங்களைத்தான் பார்க்க வேண்டும். வலிக்கிற இடத்திலேயே கை வைத்துத் திருத்திக்கொண்டே இருப்பதால்தான் பலரும் ஐந்தாறு பிரதி எழுதிவிட்டுக் கதையையே கைவிடுகிறார்கள்.

அறிகுறி: பல பக்கம் தாண்டியும் கதை ஆரம்பிக்கவில்லை

செட்டிநாட்டு வீட்டை எழுதினால் இது வராமல் இருக்காது. முகப்பு, திண்ணை, பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, நடுமுற்றமான வளவு, அதைச் சுற்றி ஒவ்வொரு பங்காளிக்கும் ஓர் அறை, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று எழுதிக்கொண்டே போவோம். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய சுவரைச் சொல்லாமல் விட மனம் வராது. எழுதுகிறவருக்கு அதில் உண்மையான பாசம் இருக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பவர் வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்த விருந்தாளி ஆகிவிடுகிறார். விருந்தாளிக்கு அந்த வீட்டில் இழக்க எதுவும் இல்லை.

பார்க்க வேண்டியது: நேற்று மாதிரி இல்லாத ஒரு காரியம் எந்தப் பக்கத்தில் முதன்முதலாக நடக்கிறது? 3000 சொல் கதையில் அது முதல் 300 சொல்லுக்குள் வந்துவிட வேண்டும். நாவலில் முதல் அத்தியாயத்துக்குள் வர வேண்டும்.

சரிசெய்வது: வர்ணனையை வெட்டி எறியாதீர்கள். அதை யாராவது ஒருவர் கைக்குக் கொடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. பழைய வீடுகளின் கதவும் தூணும் எனாமல் பாத்திரமும் அங்கே விலைக்கு வரும். மீனாட்சி ஆச்சி காய் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது, அங்கிருந்து வந்த ஒரு ஆள் இஞ்சு டேப்பைப் பிடித்து வாசல் கதவை அளந்துகொண்டிருக்கட்டும்.

"யாரப்பா நீ? என்னத்த அளக்குற?"

"நிலையோட கதவு, ஆச்சி. தம்பி அளந்துட்டு வரச் சொன்னாக."

கதவின் உயரம், அதிலுள்ள சிற்ப வேலை, தேக்கின் கனம் எல்லாம் இப்போது அந்த ஆள் அளக்கும்போதே வரும். ஒவ்வொரு அளவும் ஆச்சிக்கு ஒரு அடி. தரையையும் சுவரையும் இதேபோல விலை பேசுகிற வாயிலிருந்தும், வழுக்காமல் நடக்கப் பார்க்கிற காலிலிருந்தும் கொண்டுவரலாம். ஆறு பக்கம் இரண்டாகும், ஒரு விவரமும் தொலைந்துபோகாது.

பர்மாக் கதையில் இதே பிழை வேறு உருவத்தில் வரும். கப்பல் புறப்படுவதற்கு முன்னால் பையனின் ஐயா, அப்பத்தா, குலம், கோவில், கல்யாண முறை எல்லாம் வந்துவிடும். கப்பலில் ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் பெட்டி தூக்கும்போது இடையிடையே ஊர் நினைவு வந்தால் போதும்.

அறிகுறி: ஆரம்பம் நன்றாக இருக்கிறது, நடுவில் தொய்ந்துபோகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கதையில் பாதி இந்த அங்கம், ஆனால் எழுதுகிறவரிடம் திட்டம் குறைவாக இருப்பதும் இங்கேதான். நான்கு காரணங்களை வரிசையாகப் பாருங்கள். வரிசை முக்கியம், முதலாவது இருந்தால் மற்ற மூன்றையும் சரிசெய்தும் பயன் இருக்காது.

முதல் காரணம்: உங்கள் ஆள் இரண்டாவது அங்கத்துக்குள் தானாக நடந்து வரவில்லை, தள்ளிவிடப்பட்டிருக்கிறார். வீட்டை விற்கப்போகிறார்கள் என்று ஆச்சிக்குத் தெரிகிறது, அவர் வருத்தப்படுகிறார். இது செய்தி, முடிவு இல்லை. இப்படி ஒரு திருப்பத்தை வைத்து 1500 சொல்லை ஓட்ட முடியாது, ஏனென்றால் ஆச்சி எதையும் தொடங்கவில்லை. தொடங்காத ஒன்றுக்கு எப்படித் தடை வரும்?

அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னால் போதுமா? அதுவும் பலவீனம்தான். கூட்டுச் சொத்தில் எந்தப் பங்குதாரரும் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். ஐந்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மறுப்பதால் காலம் கடத்தலாம், அவ்வளவுதான். அப்புறம் கதை வக்கீல் வீட்டுக்குப் போய்விடும்.

இப்படி வைத்துப் பாருங்கள். கொழுந்தனார் மகன் பத்திரத்தை நீட்டுகிறான். "பெரியாத்தா, எல்லாரும் போட்டாச்சு. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி." ஆச்சி சொல்கிறார்: "தை வரைக்கும் பொறு தம்பி. உங்க நாலு பங்கையும் நானே வாங்கிக்கிறேன்." சொல்லிவிட்டார், இனி பின்வாங்கினால் குடும்பத்தில் மானம் போகும். பணத்துக்கு அவரிடம் இருக்கும் ஒரே வழி கழுத்திரு, நகரத்தார் கல்யாணத்தில் பெண்ணுக்குப் போடும் தங்க நகை. பேத்தி கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்தது. இப்போது ஓர் ஆசை, ஒரு கெடு, ஒரு விலை மூன்றும் கிடைத்துவிட்டன. நடுப்பகுதிக்கு வேலை வந்துவிட்டது.

இரண்டாவது காரணம்: எதிராளிக்கு நியாயம் இல்லை. பேராசை பிடித்த பங்காளி என்று எழுதினால் ஒரே சண்டையை நான்கு தடவை எழுத வேண்டியிருக்கும். அவனுக்குச் சென்னையில் வாடகை, தங்கைக்கு வைத்தியம், ஓடு மாற்றக்கூட யாரும் பணம் தராத வீட்டுக்கு வருஷா வருஷம் செலவு என்று கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஆச்சியின் பக்கம் கொஞ்சம் பலவீனமாகும். படிப்பவர் இரண்டு பேருக்கும் நடுவில் தவிப்பார்.

மூன்றாவது காரணம்: சம்பவங்கள் அடுத்தடுத்து வருகின்றன, ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை. இதற்கு எளிய சோதனை உண்டு. நடுப்பகுதியின் காட்சிகளை ஒரு தாளில் ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். இரண்டு வரிகளுக்கு நடுவே "அப்புறம்" மட்டும்தான் பொருந்துகிறதா, "அதனால்" அல்லது "ஆனால்" பொருந்துகிறதா என்று பாருங்கள். தரகர் வந்தார், அப்புறம் பக்கத்து வீட்டு ஆச்சி வந்தார், அப்புறம் மகன் போனில் பேசினான். இந்த மூன்றையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் மாற்றி அடுக்கலாம், கதைக்கு ஒன்றும் ஆகாது. அப்படி அடுக்க முடிந்தால் அங்கே கதை ஓடவில்லை என்று அர்த்தம். இப்போது இதைப் பாருங்கள்: ஆச்சி கழுத்திருவை எடைபோடக் கொண்டுபோகிறார், அதனால் நகைக்கடையில் இருந்த உறவுக்காரருக்கு விஷயம் தெரிகிறது, அதனால் பேத்தி ஊரிலிருந்து கிளம்பி வருகிறாள், ஆனால் பேத்தி நகை கேட்டு வரவில்லை, அவளுக்கு அந்தக் கல்யாணமே வேண்டாம். ஒன்றை உருவினால் மற்றது விழுகிறது.

நான்காவது காரணம்: நடுப்புள்ளி இல்லை. இதைத் தமிழ் வாசகருக்கு விளக்கவே வேண்டாம், நம் சினிமாவில் இடைவேளை இருக்கிறது. உங்கள் கதையில் இடைவேளை விடச் சொன்னால் எந்த வரியில் விடுவீர்கள்? அந்த வரிக்குப் பிறகு படிப்பவர் வெளியே போய் டீ குடித்துக்கொண்டே எதைப் பேசுவார்? பதில் இல்லையென்றால் நடுவில் ஓர் உண்மை வெளிவர வேண்டும். ஆச்சி கதையில் அது இப்படி: விற்கலாம் என்ற பேச்சைத் தொடங்கியது கொழுந்தனார் மகன் இல்லை. ஆச்சியின் சொந்த மகன். கடனில் மாட்டிக்கொண்டு, ஆத்தாவிடம் சொல்லத் தைரியமில்லாமல் ஒன்றுவிட்ட தம்பியை முன்னால் அனுப்பியிருக்கிறான். இதுவரை வீட்டுக்காகப் போராடியவர் இனி மகனை எதிர்த்துப் போராடியாக வேண்டும். முதல் பாதியில் நடந்த ஒவ்வொரு பேச்சும் இப்போது வேறு அர்த்தம் தருகிறது.

இந்த நான்கையும் பார்த்த பிறகும் தொய்ந்தால், காட்சிகள் அதிகம் என்று பொருள். நீளத்தைக் குறையுங்கள், வேறு மருந்து இல்லை.

அறிகுறி: பெரிய பெரிய சம்பவங்கள் நடக்கின்றன, ஆனால் நாயகன் எதுவும் செய்வதில்லை

இது பர்மாக் கதையின் நோய். வரலாறு அவ்வளவு கனமாக இருக்கிறது. 1930ல் நெல் விலை சரிந்தது, கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை, நிலம் கடைக்கணக்குக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1937ல் 25 சதவீதத்தைத் தொட்டது. 1941 டிசம்பர் 23ல் ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன, 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் ஆராக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே திரும்பினார்கள், வழியில் இறந்தவர்கள் ஏராளம். வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதை எழுதும்போது இந்தச் சம்பவங்களே கதை என்று தோன்றிவிடும். சாத்தப்பன் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருப்பான். படிப்பவருக்குப் பரிதாபம் வரும், பதற்றம் வராது.

பார்க்க வேண்டியது: ஐந்து வரிச் சோதனையில் இரண்டாவது வரியில் வினைச்சொல்லுக்கு எழுவாய் யார்? விலையும் போரும் குண்டுமாக இருந்தால் பிழை அங்கேதான்.

சரிசெய்வது: வரலாற்றை மாற்ற முடியாது. அதற்குள் அவனுக்கு மட்டும் ஒரு முடிவைக் கொடுக்கலாம். ஆட்களை மூன்று வருஷக் கணக்குக்கு அனுப்புவது அப்போது வழக்கம். 1927ல் போனவனுக்கு 1930ல் முதல் கணக்கு முடிகிறது, ஊருக்குக் கப்பலேறும் நேரம். பாருங்கள், எவ்வளவு நல்ல இடம்! அந்த நேரத்தில்தான் விலை சரிகிறது. முதலாளி ஒரு விவசாயியின் நிலத்தை எழுதி வாங்கச் சொல்கிறார். அந்த விவசாயி வீட்டில்தான் சாத்தப்பன் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி குடித்தான். அவனுக்குப் பர்மிய மொழி வரும் என்பதால் அவனே போய்ப் பேச வேண்டும். எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் அடுத்தாளாக உயர்வு. இல்லையென்றால் வெறுங்கையோடு கப்பல். அவன் போய்ப் பேசி எழுதி வாங்குகிறான். இது முதல் திருப்பம். விலை சரிந்தது யார் கையிலும் இல்லை, பத்திரம் எழுதியது அவன் கை.

இரண்டாவது அங்கம் முழுக்க அந்த விவசாயி தன் நிலத்திலேயே குத்தகைக்காரனாக இருப்பான். மேலே சொன்ன 6 சதவீதம், 25 சதவீதம் என்ற எண்களுக்கு இங்கே ஒரு முகம் கிடைக்கிறது. எதிராளிக்கு நியாயம் வேண்டும் என்றேனே, இந்தக் கதையில் அதை எழுதத் தயங்கக் கூடாது. நம் பெரியவர்கள் பட்ட கஷ்டமும் உண்மை, அந்தக் கிராமத்து ஆள் இழந்த நிலமும் உண்மை. ஒன்றை மட்டும் எழுதினால் குடும்பத்துக்குள் படித்துக்கொள்ளும் நினைவு மலராகத்தான் இருக்கும்.

1942ல் சாத்தப்பன் தப்பி ஓடும்போது ஆற்றைக் கடக்கப் படகு வைத்திருப்பவன் அந்த விவசாயி. பெட்டியில் பத்திரம் இருக்கிறது. கொடுப்பானா, ஊருக்குத் தூக்கிக்கொண்டு வருவானா? சுதந்திர பர்மா 1948லேயே நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. இது படிப்பவருக்குத் தெரியும், சாத்தப்பனுக்குத் தெரியாது. அவன் உயிரைக் கொடுத்துக் காக்கப் பார்க்கும் காகிதம் ஆறு வருஷத்தில் என்ன ஆகப்போகிறது என்று அறிந்துகொண்டே படிக்கும்போது அந்தப் படகுக் காட்சிக்கு நீங்கள் தனியாக உருக்கம் சேர்க்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. மூன்று வருஷக் கணக்கு இருக்கிறதே என்று வருஷத்துக்கு ஓர் அங்கம் பிரிக்க வேண்டாம். அங்கம் மாறுவது முடிவெடுக்கும்போது, காலண்டர் மாறும்போது இல்லை.

அறிகுறி: முடிவை யாரும் நம்ப மறுக்கிறார்கள்

படித்தவர்கள் "திடீரென்று முடிந்த மாதிரி இருக்கிறது" என்பார்கள். சிங்கப்பூரிலிருந்து பணம் வந்துவிடும், பத்திரத்தில் ஒரு குறை கண்டுபிடிக்கப்படும், வாங்க வந்தவர் மனம் மாறிவிடுவார். ஆச்சி கதையில் பலரும் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: வில்லங்கம் இருப்பதாகத் தெரிந்து, வீட்டை வாங்க வந்த ஓட்டல்காரர்கள் பின்வாங்க, வீடு தப்பித்துவிடும். ஆச்சி ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் இழக்கவில்லை.

முடிவை மட்டும் திருத்திப் பயனில்லை. முதல் அங்கத்துக்குப் போங்கள்.

சிலம்பு எப்படி வருகிறது என்று ஒரு தடவை பின்தொடர்ந்து பார்த்தால் விளங்கும். நான்காவது காதையில் கோவலன் பிரிந்திருக்கும்போது கண்ணகியின் காலில் சிலம்பு இல்லை என்று ஒரு சின்னக் குறிப்பாக வருகிறது. ஒன்பதாவது காதையில் பொருளெல்லாம் இழந்து திரும்பியவனிடம் சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். பதினாறாவதில் அது பொற்கொல்லன் கண்ணில் படுகிறது. இருபதாவதில் அரசவையில் உடைகிறது, முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது. ஒரே பொருள் பிரிவாகவும், நம்பிக்கையாகவும், பழியாகவும், சாட்சியாகவும் நான்கு தடவை வருகிறது. அவையில் ஒரு புது சாட்சி ஓடி வந்து கோவலன் நிரபராதி என்று சொல்லியிருந்தால் அந்தக் காதை இன்றைக்கு யாருக்கும் நினைவிருக்காது.

ஆச்சி கதைக்கு இதைப் பொருத்துவோம். கடைசிக் காட்சி, முன்னோர்களுக்கு வைக்கும் வருஷாந்திரப் படைப்பு அன்று நடக்கட்டும். பங்காளிகள் எல்லோரும் வீட்டில் கூடும் நாள் அது ஒன்றுதான். ஆச்சி கழுத்திருவை எடுத்து வந்து மகன் கையில் கொடுக்கிறார், கடனை அடைக்கச் சொல்கிறார். அதன்பிறகு நான்கு பங்கை வாங்க அவரிடம் ஒன்றும் இல்லை. பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார். இது நம்பும்படி இருக்க வேண்டுமானால் மூன்று விஷயம் முன்பே வந்திருக்க வேண்டும். கழுத்திரு முதல் அங்கத்தில், விற்பனையோடு சம்பந்தமே இல்லாத ஒரு சந்தர்ப்பத்தில் வர வேண்டும், உதாரணமாகப் பேத்தி போனில் "அப்பத்தா, அது பத்திரமா இருக்கா?" என்று விளையாட்டாகக் கேட்கலாம். படைப்புக்குத் தேதி குறித்தது ஆரம்பத்திலேயே பேச்சில் அடிபட வேண்டும். மகன் எதையும் நேராகக் கேட்கத் தெரியாதவன் என்பது ஒரு சின்னக் காட்சியில் தெரிந்திருக்க வேண்டும்.

சரியாயிற்றா என்று பார்க்கும் வழி: கடைசி இரண்டு பக்கத்தில் முதன்முதலாக வரும் பொருள், ஆள், செய்தி எது இருந்தாலும் கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதல் அங்கத்தில் ஓர் இடம் தேடிக் கொடுங்கள், அல்லது நீக்குங்கள்.

அறிகுறி: முடிந்த பிறகும் முடியவில்லை

ஆச்சி கையெழுத்துப் போட்டாயிற்று. அதன்பிறகு ஒவ்வொரு அறையையும் பூட்டுவது, சாமான் ஏற்றுவது, பேத்தி அழுவது, பக்கத்து வீட்டார் பேசுவது என்று இன்னும் நான்கு பக்கம் போகிறது. மூன்றாவது அங்கத்தின் உச்சம் முடிந்தபின் சிறுகதைக்கு ஒரு பத்தி போதும்.

சிலம்பு உடைகிற வழக்குரை காதைக்கு அப்புறமும் சிலப்பதிகாரம் பத்துக் காதை போகிறதே என்று கேட்கலாம். அங்கே புதுக் கேள்விகள் பிறக்கின்றன. மதுரை என்ன ஆகும், கண்ணகி யாராக நிலைப்பாள், சேரன் என்ன செய்வான்? உங்கள் கதையிலும் உச்சத்துக்குப் பிறகு உண்மையாகவே ஒரு புதுக் கேள்வி இருந்தால் எழுதுங்கள். விடைபெற மனமில்லாமல் எழுதுவது வேறு.

அறிகுறி: யார் யாருக்கு என்ன உறவு என்றே புரியவில்லை

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊர் இது. ஒரே வீட்டில் மூன்று தலைமுறையில் மூன்று சாத்தப்பன் இருப்பார்கள். உண்மை அப்படித்தான் என்றாலும் கதையில் ஒருவர் போதும். உறவுச் சொல்லை எப்போதும் ஒரே ஆளின் பக்கத்திலிருந்து சொல்லுங்கள்: ஆச்சியின் கதை என்றால் கொழுந்தனார் மகன் கடைசி வரை கொழுந்தனார் மகன்தான். ஐந்து பங்காளிகளும் மேடையில் வர வேண்டியதில்லை. தடுப்பவர், உதவுபவர், ஏமாற்றுபவர் என்று வேலை இருப்பவர்களுக்கு மட்டும் பெயர், மற்றவர்கள் கையெழுத்தாக இருந்தால் போதும்.

அறிகுறி: திருப்பங்கள் எல்லாம் இடத்தில் இருக்கின்றன, உயிர் இல்லை

அமைப்பை நன்றாகப் படித்தவர்களுக்கு வருவது இது. அளவு சரி, இடைவேளை சரி, முடிவு சரி. படித்து முடித்ததும் மறந்துவிடுகிறது. காரணம், உங்கள் ஆள் வாயால் கேட்பதும் மனதுக்குள் பயப்படுவதும் ஒன்றாகவே இருக்கின்றன.

ஆச்சி எல்லோரிடமும் சொல்வது, "இது பெரியவுக கட்டுன வீடு, நாம விக்கக் கூடாது." அவர் யாரிடமும் சொல்லாதது: வீடு இருக்கும்வரைதான் படைப்புக்காவது ஆட்கள் வருகிறார்கள், வீடு போய்விட்டால் என்னைப் பார்க்க யார் வருவார்? இந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் எங்கேயும் பேசக் கூடாது. ஆனால் ஒவ்வொரு அங்கத்திலும் ஒரு தடவை அது வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். முதல் அங்கத்தில் ஒரு ஆளுக்கு இவ்வளவு சோறா என்று யாரோ கேட்பதில். நடுவில், மகன் மறைத்தது தெரிந்தும் அவன் காரின் சத்தம் கேட்டதும் முகம் மலர்வதில். கடைசியில் கையெழுத்துப் போடும்போது அவர் அந்தப் பயத்தைத்தான் விடுகிறார், வீட்டை மட்டும் இல்லை.

இந்தப் பயம் என்ன என்று எழுதுகிறவருக்குத் தெரிந்தால் எந்தக் காட்சி வேண்டும், எது வேண்டாம் என்பது தானாக விளங்கும். தெரியாதவரை எத்தனை வரைபடம் போட்டாலும் கதை அசையாது. என்னைக் கேட்டால், ஐந்து வரிச் சோதனைக்குக் கீழே ஆறாவதாக இதையும் ஒரு வரியில் எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: எதைத் திருத்தினாலும் ஒட்டவில்லை

முதலில் வரிசையைப் பாருங்கள். கதையின் கடைசிக் காட்சி, முதல் திருப்பம், நடுப்புள்ளி, இரண்டாவது திருப்பம், அதன்பிறகே தொடக்கப் பக்கம் என்ற வரிசையில் திருத்த வேண்டும். தொடக்கத்தையே மெருகேற்றிக்கொண்டிருந்தால், அது போய்ச் சேர வேண்டிய இடம் மாறும்போதெல்லாம் திரும்ப எழுத வேண்டி வரும். வசன நடையும் சொல் தேர்வும் எல்லாவற்றுக்கும் கடைசி.

வரிசைப்படி செய்தும் ஒட்டவில்லை என்றால் அந்தக் கதைக்கு இந்த அமைப்பு தேவைப்படாமலே இருக்கலாம். ஒரே ஒரு மத்தியானம், வளவில் இரண்டு ஆச்சிகள் பலகாரம் சுற்றிக்கொண்டே பேசுவது மட்டும் உங்கள் கதை என்றால் அதற்கு இரண்டு திருப்பங்களைத் திணிக்க வேண்டாம். அங்கே ஒரே ஒரு மாற்றம் போதும்: பேச்சு தொடங்கியபோது ஒருவருக்குத் தெரியாத ஒன்று பேச்சு முடியும்போது தெரிந்திருக்க வேண்டும். நினைவுக் குறிப்புகளும் அப்படித்தான். அப்பச்சி பர்மாவிலிருந்து எழுதிய கடிதங்களை அடுக்கித் தரும் புத்தகத்துக்குத் தேதி வரிசையே நல்ல அமைப்பு. அதில் உச்சக் காட்சி தேடி ஏதாவது சேர்த்தால் கடிதங்களின் நம்பகம் போய்விடும். அவற்றை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டு, அதே வாழ்க்கையிலிருந்து ஒரு முடிவை மட்டும் எடுத்துத் தனிக் கதையாக எழுதுங்கள். பெயரையும் ஊரையும் அதில் மாற்றிவிடலாம்.